கால்வாய்ப் படகில் ஒரு குளிர்காலம்: மடக்கு மேசை, நூல் அலமாரி, கான்ஸி ஸ்வெட்டர்

இந்தக் குளிர்காலத்தில் படகுக்குள் மூன்று வேலைகளை முடித்தேன். ஆபீஸ் வேலைக்கு ஒரு மடக்கு மேசை, கம்பளி நூல் வைக்க ஈரம் ஏறாத அலமாரி, அப்புறம் வீட்டுக்காரருக்கு ஒரு கான்ஸி, அதாவது மீனவர் பாணி ஸ்வெட்டர். மூன்றையும் தனித்தனியாக எழுதலாம் என்றுதான் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் பிரிக்க வரவில்லை. மேசைக்கு இழுத்த வயரில்தான் பின்னலுக்கான விளக்கு எரிகிறது. மேசையில் மிஞ்சிய பலகையில்தான் ஸ்வெட்டர் காய்ந்தது. ஆகவே ஒரே பதிவு, கொஞ்சம் நீளம்.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு கால்வாயின் தெற்குப் பகுதி. நேப்டனுக்கும் ஆக்ஸ்போர்டுக்கும் நடுவே எங்கேயாவது இருப்போம். படகு, நேரோபோட் என்கிற ஒடுக்கமான இரும்புப் படகு: 57 அடி நீளம், 6 அடி 10 அங்குல அகலம். அகலத்தை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. 1760களில் ஜேம்ஸ் பிரிண்ட்லி இந்தப் பக்கத்துக் கால்வாய்களுக்கு ஏறக்குறைய ஏழடி அகலத்தில் லாக், அதாவது படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி, கட்டினார். அதில் நுழையும் அளவுக்குத்தான் இன்றைக்கும் படகு கட்டுகிறார்கள். உள்ளே நுரை, பலகை எல்லாம் அடித்த பிறகு, கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். நிரந்தரமாகக் கட்டிப்போட எங்களுக்கு இடம் கிடையாது. அப்படி இடம் இல்லாத படகு ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்கிறது 1995ஆம் ஆண்டுச் சட்டம். லாக் உடைந்து கிடந்தாலோ கால்வாய் உறைந்தாலோ தவிர, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு கிளம்பிவிடும்.

நான் ஒரு மென்பொருள் கம்பெனிக்கு டெஸ்டிங் வேலை பார்க்கிறேன், காலை 9 முதல் மாலை ஐந்தரை வரை, படகிலிருந்தே. வீட்டுக்காரருக்கு ஆக்ஸ்போர்டில் வேலை. ஹேஃபோர்டு மாதிரி, கால்வாயை ஒட்டியே ரயில்வே ஸ்டேஷன் உள்ள இடத்தில் நின்றால் அவருக்குக் கொண்டாட்டம். மற்ற வாரங்களில் மடக்கு சைக்கிள்.

வேலைக்கு இத்தனை மணி, பின்னலுக்கு இத்தனை, ஓய்வுக்கு இத்தனை என்று அட்டவணை போடுவது கரையில் நடக்கும். இங்கே ஒவ்வொரு காரியமும் எதைக் கேட்கிறது என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டியிருக்கிறது. சிலது வெளிச்சம் கேட்கும், சிலது கரண்ட் கேட்கும், சிலது சத்தமில்லாத இடம் கேட்கும், சிலது இரண்டு கையையும் கேட்கும். நான்கும் ஒரே நேரத்தில் கிடைப்பது படகில் அபூர்வம். கீழே வரும் எல்லா வேலையும் இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

கரண்ட்

110 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரி நான்கு வைத்திருக்கிறோம். மொத்தம் 440. ஆயுள் கெடாமல் இருக்க அதில் பாதிதான் எடுக்கலாம், ஆக 220. கூரையில் 400 வாட் சோலார். ஜூன் மாதத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டும். டிசம்பரில் சூரியன் தாழ்வாகவே ஊர்ந்து போகும், பலகையோ கூரையில் படுத்துக் கிடக்கும். நாளுக்கு 150 வாட்-மணி வந்தாலே நல்ல நாள். என் லேப்டாப் சராசரியாக 40 வாட் தின்கிறது, எட்டரை மணி நேரத்துக்கு 340 வாட்-மணி. அதாவது கூரை மொத்தமும் சேர்ந்து லேப்டாப்புக்குப் பாதி நாள்கூடப் போடாது. அது போக ஃபிரிட்ஜ், ரவுட்டர், தண்ணீர் பம்பு, விளக்கு. மிச்சத்துக்கு இன்ஜின்தான் ஓட்ட வேண்டும்.

கட்டி நிற்கும்போது இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜின் ஓட்டக் கூடாது. கால்வாய்களைப் பார்த்துக்கொள்ளும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் விதி இது. நல்ல விதி, பக்கத்துப் படகு நம் தலைமாட்டில்தான் நிற்கிறது. ஆகவே காலை 8லிருந்து 9 வரை ஒருமுறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை. இன்ஜின் சூட்டில் தண்ணீர்த் தொட்டியும் காயும் என்பதால் குளியலும் பாத்திரமும் அந்த நேரத்துக்கே போய்விடும். டீசல் இன்ஜின் ஓடினால் தரைப்பலகை அதிரும், மீட்டிங்கில் பேச முடியாது. ஆனால் பின்னலாம். மதியம் வெளிச்சமும் இருக்கும். குளிர்காலத்தில் இதைவிட நல்ல பின்னல் நேரம் எனக்குக் கிடையாது, அப்போது வேறு எதுவும் செய்ய முடியாது என்பதாலேயே.

முன்பெல்லாம் லேப்டாப்பை இன்வெர்ட்டர் வழியாக, வீட்டு பிளக்கில்தான் சார்ஜ் செய்தோம். 12 வோல்ட்டை 230 ஆக்கி, அதை லேப்டாப் அடாப்டர் திரும்ப 20 வோல்ட்டுக்கு இறக்குவது சுத்த வெட்டி வேலை. மாற்றும் நட்டத்தையும், இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே இழுக்கும் கரண்டையும் சேர்த்தால் வேலை நாள் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆம்பியர்-மணி காற்றில் போகும். குளிர்காலத்தில் ஃபிரிட்ஜுக்கு அது அரை நாள் தீனி. ஆகவே மேசைக்கென்று நேராக 12 வோல்ட் லைன் ஒன்று இழுப்பதுதான் முதல் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது வயர் கனம். பேட்டரி பின்பக்கம், மேசை நடுவில். தூரம் 9 மீட்டர், போக வர 18 மீட்டர் செம்பு. 65 வாட் டைப்-சி கார் சார்ஜர் முழு வேகத்தில் 6 ஆம்பியர் இழுக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்தத் தூரத்துக்கு முக்கால் வோல்ட் விழுந்துவிடும். வீட்டில் 230இல் முக்கால் போனால் யாருக்கும் தெரியாது. 12இல் போனால் சார்ஜர் விட்டு விட்டு வேலை செய்யும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டேன், இழப்பு மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டோடு நின்றது. வயர் பல இழை உள்ளதாக, வெள்ளீயம் பூசியதாக இருக்க வேண்டும். வீட்டுச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி வயர் படகின் அதிர்வில் நாளாவட்டத்தில் முறியும். பேனலில் அதற்கென 10 ஆம்பியர் ஃபியூஸ். இன்னொன்று, மைனஸ் வயரையும் பேட்டரி வரை இழுக்க வேண்டும். படகே இரும்புதானே, காரில் மாதிரி பாடியிலேயே எர்த் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். தண்ணீரில் நிற்கும் இரும்பில் கரண்டை ஓடவிட்டால் அரிப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்த மாதிரி.

மேசை

18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட், 110 செ.மீ. நீளம், 45 செ.மீ. ஆழம். இதற்கு மேல் ஆழம் வைத்தால் நடைபாதை அடைபடும். படகில் முன்னுக்கும் பின்னுக்கும் போக இருப்பது அந்த ஒரு வழிதான். சுவரில் ஒரு சட்டம் அடித்து, அதில் பியானோ கீல் போட்டுப் பலகையைத் தொங்கவிட்டேன். தாங்குவதற்கு இரண்டு மடக்கு பிராக்கெட். மடக்கினால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். ஐந்தரைக்கு மடக்கிவிட்டால் ஆபீஸ் கண்ணில் படாது. சாப்பாட்டு மேசையில் லேப்டாப் வைத்திருந்த காலத்தில் ராத்திரி ஒன்பதுக்கும் ஒரு மெயில் பார்ப்பேன். இப்போது அதற்காக யார் எழுந்துபோய்ப் பலகையைத் தூக்கி நிறுத்துவது?

சட்டம் அடிப்பதில்தான் நிதானம் வேண்டும். உள்பலகை 9 மி.மீ., அதன் பின்னால் 25 மி.மீ. மரச்சட்டங்கள், நடுநடுவே நுரை, அப்புறம் 4 மி.மீ. இரும்புச் சுவர். வெறும் உள்பலகையில் திருகினால் மேசை கையோடு வந்துவிடும். பின்னால் இருக்கும் மரச்சட்டத்தைப் பிடிக்க வேண்டும். கடையில் விற்கும் மின்சாரச் சட்டம்-தேடி, பின்னால் முழுக்க இரும்பு என்பதால் எல்லா இடத்திலும் கத்தும். நான் செய்தது: பின்னல் பையில் கிடந்த சின்னக் காந்தம் ஒன்றை நூலில் கட்டிச் சுவரோரம் மெதுவாக இறக்கினேன். உள்பலகையை அடித்த குட்டி ஆணிகளின் மேல் வரும்போது காந்தம் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். ஆணி எங்கே வரிசையாக இருக்கிறதோ அங்கே பின்னால் சட்டம். பென்சிலால் குறித்துக்கொண்டே போனால் பத்து நிமிடத்தில் சுவரின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். திருகு நீளக் கணக்கு: சட்டம் 18, உள்பலகை 9, பின்சட்டம் 25, ஆக 52 மி.மீ. வரை இடம். 45 மி.மீ. திருகு போட்டேன். டிரில் பிட்டிலும் 45இல் டேப் சுற்றிக்கொண்டேன். அந்தச் சுவருக்குள்தான் பழைய வயர்களும் ஓடுகின்றன, ஆகவே முதல் ஓட்டையைக் கையால்தான் போட்டேன்.

மேசை விளிம்பில் விரல் கனத்துக்கு ஒரு தடுப்புச் சட்டம் ஒட்டியிருக்கிறேன். எதிரே யாராவது அவசரமாகப் படகில் போனால் எங்கள் படகு கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடும். தடுப்பு இல்லையென்றால் பேனாவும் போனும் மடியில். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். கட்டி நிற்கும் படகுகளைத் தாண்டும்போது அதிலும் பாதிக்குக் குறைக்க வேண்டும் என்பது மரியாதை. மரியாதை தெரியாதவர்கள் எங்கேயும் உண்டு.

நெட்டுக்குக் கூரையில் ஆன்டெனா, உள்ளே 4ஜி ரவுட்டர். இரும்புப் பெட்டிக்குள் போனை வைத்துக்கொண்டு சிக்னல் தேடுவது வீண் வேலை, அதோடு விட்டுவிடுகிறேன்.

நூல் அலமாரி

திருப்பூரில் பிறந்தவளுக்கு நூலை ஈரத்திலிருந்து காப்பாற்றச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இந்த ஈரம் வேறு ரகம். ஜனவரியில் கால்வாய்த் தண்ணீர் நான்கைந்து டிகிரி, படகுக்குள் 20. இரண்டு பேரின் மூச்சு, கெட்டில், குக்கர் ஆவி, அது போக கேஸ் எரிந்தாலே தண்ணீர் ஆவியும் சேர்ந்து வரும். அத்தனையும் எங்கே குளிர்ந்த இரும்பு கிடைக்கிறதோ அங்கே போய்த் துளியாக உட்காரும். சுவரோரம் தாழ்வாக இருக்கும் அலமாரிகள் அதற்குத் தோதான இடம். கம்பளி தன் எடையில் 30 சதவீதம் வரை தண்ணீர் குடித்தும் தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். அதனால் நாம் கவனிக்கும் முன்பே பூஞ்சணம் பிடித்துவிடும்.

அலமாரியைக் காலி செய்து, படகுச் சுவர்ப் பக்கம் 10 மி.மீ. நுரைப்பலகையை இடைவெளி இல்லாமல் ஒட்டி, மூட்டுகளுக்கு அலுமினிய டேப் போட்டேன். நுரைக்கு முன்னால் ஒரு விரற்கடை காற்றுவெளி விட்டுக் குறுக்குச் சட்டங்கள். அடியில் முழுப் பலகையை எடுத்துவிட்டு, இடைவெளி விட்ட ரீப்பர்கள். கதவில் மேலே இரண்டு, கீழே இரண்டு என 68 மி.மீ. வட்ட ஓட்டைகள், கீழே குளிர்காற்று நுழைந்து மேலே போகும். ஓட்டைகளுக்கு உள்பக்கம் மெல்லிய ஸ்டீல் வலை, அந்துப்பூச்சிக்காக. பூச்சி தானாகக் கம்பளியைத் தின்னாது, அது உள்ளே வந்து முட்டையிட்டு வரும் புழுதான் தின்னும். நூலைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தால் பூச்சி வராது, ஆனால் உள்ளே போன ஈரமும் வெளியே வராது. நான் பழைய தலையணை உறைகளில் கட்டி வைக்கிறேன். ஈரமானி முன்பு அந்த அலமாரிக்குள் 80ஐத் தாண்டி நின்றது, இப்போது 60ஐ ஒட்டி நிற்கிறது. அலமாரிக்குக் காற்று வேண்டும் என்பதற்காகப் படகின் நிலையான காற்றுத் துளைகளில் கை வைக்கக் கூடாது. குளிருக்குப் பயந்து அதை அடைப்பவர்களும் உண்டு. நிலக்கரி அடுப்பு எரியும் இடத்தில் அது உயிரோடு விளையாட்டு. 2019 ஏப்ரலிலிருந்து, ஆள் தங்கும் கேபின் உள்ள படகுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். எங்களிடம் இரண்டு இருக்கின்றன.

ஸ்வெட்டர்

கான்ஸி என்பது பிரிட்டனின் கடலோர மீனவர்கள் போட்ட ஸ்வெட்டர். விட்பி, ஃபைலி, ஷெரிங்ஹாம் என்று ஊருக்கு ஊர் பூவேலை மாறும். ஐந்து இழை முறுக்கிய கம்பளி நூலில், மெல்லிய ஊசியில், காற்றும் மழையும் சட்டென்று புகாத அளவுக்கு நெருக்கிப் பின்னுவார்கள். கால்வாய்க்கும் இதற்கும் நேரடி உறவு கிடையாது. கால்வாய்ச் சரக்குப் படகுக் குடும்பங்களின் பெண்கள் அதிகம் செய்தது குரோஷே: கேபின் அலமாரி ஓரங்களுக்கு லேஸ், படகு இழுக்கும் குதிரையின் காதுக்குக்கூட ஒரு லேஸ் தொப்பி. படகின் பின்முனையில் ஏறக்குறைய பத்தடிக்கு ஏழடி கேபினில் மொத்தக் குடும்பமும் சமைத்து, தூங்கி, பிள்ளை வளர்த்து, நடுவில் இதையும் செய்தார்கள். பான்பரியில் 1790லிருந்து இருக்கும் டூலீஸ் படகுப் பட்டறை இப்போது ஷாப்பிங் சென்டருக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது, 1939இல் எழுத்தாளர் எல்.டி.சி. ரோல்ட் தன் ‘கிரெஸ்ஸி’ படகைக் குடியிருக்கத் தயார் செய்தது அங்கேதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், மடக்கு மேசை ஒன்றுக்கு நாம் இத்தனை அலட்டிக்கொள்கிறோமே என்று தோன்றும்.

கான்ஸியை நான் எடுத்ததற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. கீழிருந்து மேலே, குழாய் மாதிரி சுற்றிச் சுற்றிப் போகும், பக்கத் தையல் கிடையாது. திருப்பூரில் வட்ட மெஷினிலிருந்து துணி குழாயாக இறங்குவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது பழகின உருவம். அம்மாவுக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. வீடியோ காலில், “ஏங்கண்ணு, இங்க கிலோக் கணக்குல பனியன் கெடக்குது. நீ அங்க தண்ணிக்குள்ள உக்காந்துட்டு ஒத்தொத்த கண்ணியா குத்திட்டு இருக்கறயே?” என்றார். “இது மாப்பிள்ளைக்குங்கம்மா” என்றேன். “அப்ப சரி, கழுத்து மட்டும் பெருசா வெய்யி” என்று போனை வைத்தார்.

மார்பு 38 அங்குலம், தளர்வு இரண்டு சேர்த்து 40. அங்குலத்துக்கு 8 கண்ணி, ஆக 320 கண்ணி. 2.25 மி.மீ. ஊசி. பழைய ஆட்கள் இரண்டு முனையும் கூரான நீள ஸ்டீல் ஊசிகள் நான்கைந்து வைத்துப் பின்னுவார்கள். படகில் அது ஆகாது. ஒன்று நழுவினால் தரைப்பலகை இடுக்கில் போய்விடும். வயர் கோத்த வட்ட ஊசிதான் சரி. கைப்பகுதிக்கு மட்டும் குட்டி ஊசிகள். ஊசி வாங்கும்போது காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து வாங்குவேன். ஊசி கால்வாயில் விழுந்தாலும் எடுத்துவிடலாம்: லாக் திறக்கச் சுற்றும் விண்ட்லாஸ் கைப்பிடி விழுந்தால் எடுக்கப் பெரும்பாலான படகுகளில் கயிறு கட்டிய பெரிய காந்தம் ஒன்று இருக்கும், அதையே போடலாம். மூங்கில் ஊசி மிதக்கும். அலுமினியம், பித்தளை என்றால் சேற்றுக்குத் தானம்.

இப்போது மேலே சொன்ன பிரிவினை. கான்ஸியின் கீழ்ப்பாதி, அடி விளிம்பிலிருந்து ஒரு முழம் வரை, வெறும் நிட், அதாவது நேர்க் கண்ணி. கண் வேண்டாம், கை போதும். அதை நான் வெறுமனே கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய மீட்டிங்குகளில் முடித்தேன். எல்லோரும் தத்தம் வேலையை ஒப்பிக்கும் காலைக் கூட்டம் ஒன்று உண்டு. அதில் என் முறை வரும்வரை ஒரு சுற்று தாராளமாக ஓடும். டெஸ்ட் கேஸ் எழுதும்போது ஊசியைத் தொடுவதில்லை, அதற்கு மண்டை முழுசாக வேண்டும். மேல்பாதி வேறு. கயிறு முறுக்கு, ஏணி, நடுவில் பாசிப் பின்னல், எல்லாம் நிட்டும் பர்லும் (புறக் கண்ணி) மாறி மாறி. நூலோ கருநீலம். விளக்கு வெளிச்சத்தில் கருநீல நூலில் பர்ல் எது நிட் எது என்று தேடுவது கண்ணுக்குச் செய்யும் துரோகம். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், நான் வேலை முடிப்பது ஐந்தரைக்கு. ஆக மேல்பாதிக்கு மதிய இன்ஜின் நேரமும், வார இறுதிப் பகலும்தான்.

வார இறுதிப் பகலுக்குத்தான் போட்டி. படகு நகர்த்துவது, தண்ணீர் பிடிப்பது, கழிவறை கேசட்டைக் கொட்டுவது, நிலக்கரி மூட்டை ஏற்றுவது, எல்லாம் அதில்தான். குளிர்காலத்தில் டிரஸ்ட் லாக்குகளைப் பூட்டிப் பழுதுபார்ப்பதால், எந்த லாக் எந்தத் தேதியில் மூடும் என்று பார்த்துத்தான் நகர வேண்டும். நாங்கள் மேட்டுப் பகுதியில் நிற்பதை விரும்புவது இதனால்தான். நேப்டனில் 9 லாக் ஏறினால், கிளேடனில் 5 லாக் இறங்கும்வரை 11 மைலுக்கு லாக்கே கிடையாது. மலைச்சரிவின் மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்து போகும் பழைய காலக் கால்வாய். காக்காய் பறந்தால் அதில் பாதித் தூரம்கூட இராது. அவர் பின்னால் நின்று ஓட்டுவார், நான் முன் தளத்தில் போர்வையோடு உட்கார்ந்து பூவேலை வரிசைகளை முடிப்பேன். வழியில் தூக்குப்பாலம் வந்தால் மட்டும் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓட வேண்டும். லாக் உள்ள நாட்களில் ஊசியை எடுப்பதே இல்லை. சோமர்ட்டனில் 12 அடி ஆழ லாக் ஒன்று இருக்கிறது, அதில் படகு இறங்கும்போது பின்பக்கம் லாக்கின் மேல்வாசல் படியில் மாட்டாமல் பார்ப்பதைவிட முக்கியமான வேலை உலகத்தில் கிடையாது.

ராத்திரிக்கு விளக்கு. மேசை லைனிலிருந்தே ஒரு கிளை எடுத்து, வளையும் கழுத்துள்ள 3 வாட் எல்.இ.டி. ஒன்றை இடது தோளுக்கு மேல் வருமாறு பொருத்தினேன். நாலு மணி நேரம் எரிந்தாலும் ஒரு ஆம்பியர்-மணிதான். வாங்கும்போது 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். படகின் 12 வோல்ட் உண்மையில் 12 அல்ல, சார்ஜ் ஏறும்போது 14.4 வரை போகும்; சாதா பல்பு சீக்கிரம் செத்துவிடும். இந்த விளக்கில் கைப்பகுதிகள் போயின. தோளிலிருந்து கண்ணி எடுத்து மணிக்கட்டை நோக்கி இறங்குவது, முழங்கைக்கு மேல் கொஞ்சம் பூவேலை, மீதி வெறும் நிட். அக்குளில் சாய்சதுரமாக ஒரு ஒட்டு வரும், கையைத் தூக்கி லாக் கதவுத் தண்டைத் தள்ளும்போது சட்டை மேலே ஏறாமல் இருப்பது அதனால்தான்.

ஓய்வு என்று தனியாக ஒன்று வேண்டுமா, பின்னலே ஓய்வுதானே என்று பக்கத்துப் படகுக்காரர் கேட்டார். எனக்கு அப்படி இல்லை. அளவும் கணக்கும் உள்ள எதுவும் கொஞ்சம் வேலைதான், பிடித்த வேலை. வெள்ளிக்கிழமை ராத்திரி மேசையும் மடங்கியிருக்கும், நூல் பையும் அலமாரியில் இருக்கும். அடுப்பில் நிலக்கரி போட்டுவிட்டுத் தாயம் விளையாடுவோம். ஊரிலிருந்து கொண்டு வந்த பித்தளைத் தாயக்கட்டை உருளும் சத்தம் படகின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் கேட்கும். அதே படகுக்காரரின் மனைவி இரண்டு தொப்பி பின்னித் தரச் சொல்லிக் காசும் நீட்டினார். காசுக்குப் பின்னுவதில்லை என்று சொல்லிவிட்டேன். தேதி கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை ராத்திரி போய்விடும், அவ்வளவுதான் காரணம். அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை. எளிய மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்தேன், அவரே பின்னிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

கழுவலும் காயவைத்தலும்

பின்னி முடித்த கான்ஸியை ஒருமுறை அலசிக் காயவைத்தால்தான் கண்ணிகள் சமமாக உட்காரும். எங்கள் தண்ணீர்த் தொட்டி 500 லிட்டர், அலசலுக்குப் பக்கெட்டில் 12 லிட்டர் போல இரண்டு தடவை. கை பொறுக்கும் வெதுவெதுப்பில் கம்பளிச் சோப்பு, கசக்காமல் அமுக்கி எடுக்க வேண்டும். அலசும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும், சட்டென்று சூடும் குளிரும் மாறினால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். பெரிய துண்டில் சுருட்டி, வீட்டுக்காரரை அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னேன். பிழிவதைவிட இது நல்லது, நூல் இழுபடாது.

மேசைக்கு வெட்டி மிஞ்சிய பிளைவுட்டை உடம்பு அளவுக்கு அறுத்து, விளிம்பைத் தேய்த்து, மரச்சாறு இறங்காமல் இரண்டு கோட் வார்னிஷ் அடித்து வைத்திருந்தேன். ஸ்வெட்டரை அதன்மேல் இழுத்து மாட்டிக் குளியல் தொட்டியின் மேல் குறுக்காக வைத்தேன். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுவது பார்க்க அழகு, ஆனால் அங்கே ஒரு பக்கம் முறுகிவிடும். ஜன்னலை ஒரு விரல் திறந்து வைத்ததில் மூன்றாம் நாள் காய்ந்தது. அந்த மூன்று நாளும் ஈரமானி ஏறியே இருந்தது, நாங்கள் குளிப்பதற்குப் பக்கெட்டோடு முன் தளத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பிப்ரவரியில் அது ஓய்வு வகையிலும் சேராது, வேலை வகையிலும் சேராது.

இப்போது இரண்டு மாதமாக அவர் தினமும் போட்டுக்கொள்கிறார். வலது மணிக்கட்டு ஓரம் அதற்குள் பிசிறு தட்டத் தொடங்கிவிட்டது. விண்ட்லாஸைப் பிடித்துச் சுற்றும்போது லாக் பல்சட்டத்தின் கிரீஸும் படும், ஓரமும் உரசும். கான்ஸியின் கைகள் மேலிருந்து கீழே பின்னப்பட்டவை என்பதால், மணிக்கட்டு வரை பிரித்து, கண்ணிகளை ஊசியில் ஏற்றிப் புது நூலில் மறுபடி இறங்கலாம். மீனவர் வீடுகளிலும் அப்படித்தான் செய்தார்கள். இந்தமுறை ஓரத்தை ஒரு அங்குலம் குட்டையாக முடிக்கப் போகிறேன். அதற்கென்று இரண்டு உருண்டை நூல் எடுத்து வைத்தாயிற்று. அதே சாய லாட், உறையில் சீட்டுப் போட்டு மேல் தட்டில் இருக்கிறது.